செங்கல்வராயன் வாங்கிய பந்தயக் கார்

புத்தூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டிய செங்கல்வராயன், சிட்டிபாபு என்ற பையன் வீட்டு வாசலில் மட்டும் ஹாரன் அடிக்கமாட்டார். சிட்டிபாபுவின் அம்மா நோயில் படுத்திருந்த காலம் அது. தெருமுனையிலேயே வேனை நிறுத்தி, நடந்து போய், பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிவருவார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி அம்சவேணிக்கே சிட்டிபாபு சொல்லித்தான் தெரியும்.

நல்ல மனசைக் கொடுத்த சாமி, அவருக்கு வேகத்தைக் கொடுக்கவில்லை. சைக்கிள்காரர்கள் நலம் விசாரித்துக்கொண்டே அவர் வேனை முந்திப் போவார்கள். அப்படிப்பட்டவர், நெடுஞ்சாலைக்குப் போன நிலத்துக்குப் பணம் வந்ததும், சென்னையில் ஒருவர் பந்தயத் தளத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பழைய காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார்.

"ரோட்டுக்காரன் குடுத்த துட்டு, ரோட்டுலயே ஓடட்டும் வேணி."

அம்சவேணி சுற்றி வந்து பார்த்தாள். தரையோடு தரையாக இருந்தது. இரண்டே சீட்டு. ஏசி இல்லை, பாட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இரும்புக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன.

"இன்னா மாமா, கோழிக்கூண்டா?"

"கார் குட்டிக்கரணம் போட்டா நம்ம தலை தப்பிக்கும்."

"அதுக்குத்தான் வாங்கினு வந்தியா?"

பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அம்சவேணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல மலைக்குப் போலாம். பெருமாள் பாக்காத வண்டி நம்ம வீட்ல நிக்காது. நானும் பக்கத்துல குந்திக்கினு வரேன். எனக்கு மனசு ஒப்பலன்னா திருப்பிக் குடுத்துடணும்."

செங்கல்வராயன் தலையாட்டினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் பூசை போட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்து பார்த்த பூசாரி, கடைசியில் தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துத்தான் வைத்தார்.

"பாவம், சாமிக்குப் பண்றத காருக்குப் பண்ணிட்டாரு" என்றாள் அம்சவேணி.

சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் எஞ்சின் இருந்தது. "மரி சாமான்லு எக்கட?" என்று சாமான்களைத் தேடிக் காவலர் விழித்தார். அம்சவேணி மடியிலிருந்த புளிசாதத் தூக்கைக் காட்டினாள்.

மலைப்பாதையில் முதல் வளைவு தாண்டியதும் செங்கல்வராயன் காலை அழுத்தினார். அம்சவேணி இந்த வளைவில் ஆரம்பித்த "கோவிந்தா" அடுத்த வளைவில்தான் முடிந்தது. கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தாள். தாலி கட்டிய அன்றுகூட அவர் முகத்தில் இப்படி ஒரு களை இருந்ததில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். கீழே சாவடியில் நேரம் குறித்துக்கொண்டுதான் வண்டியை விடுவார்கள். அதற்குரிய நேரம் ஆகுமுன் மேலே போய்ச் சேர்ந்தால் அபராதம். வேன் ஓட்டிய காலமெல்லாம் அவருக்கு இந்தக் கவலையே வந்ததில்லை. மேல்சாவடிக்கு முன்னாலேயே ஓரங்கட்டி நிறுத்தினார். வழியில் அவர்கள் முந்திய ஜீப் ஒவ்வொன்றும் இப்போது அவர்களைத் தாண்டிப் போனது. "ஏமி அண்ணா, பிரேக்டவுனா?" என்று ஒருவன் அக்கறையாகக் கேட்டான்.

"இவ்ளோ வேகமா வந்தது ரோட்டோரம் குந்திக்கிறதுக்கா மாமா?" சிரித்துச் சிரித்து அம்சவேணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூக்கைத் திறந்தாள். "துன்னு."

அவர் தொடவில்லை. "திருப்பிக் குடுத்துடவா வேணி?"

அவள் ஒரு வாய் மென்று முடித்தாள். "இருக்கட்டும். நான் பக்கத்துல இல்லாம மட்டும் சாவியத் தொடாத."

அதன் பிறகுதான் அவர் கை புளிசாதத்துக்குப் போனது.

போன மாதம் மகள் கீர்த்தியின் பிரசவத்துக்காக அம்சவேணி பெங்களூருக்குக் கிளம்பினாள். பெட்டிகள் ஆட்டோவில் போயின, அவர்கள் காரில் போனார்கள். வழியெல்லாம் வேகத்தடை. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு ஆட்டோதான் முதலில் சேர்ந்தது.

ரயில் நகர்ந்தது. செங்கல்வராயன் ஜன்னலோரமாக நடந்துகொண்டே கேட்டார்:

"நீ இல்லாம சாவியத் தொடக்கூடாதுன்னியே வேணி, இப்ப வண்டிய எப்டி வீட்டுக்கு எடுத்துனு போறது?"