துடைத்த தோட்டாக்கள்

மூன்று டப்பா தோட்டாவையும் சுட்டுப் பார்க்கிறேன், ஒன்றிலாவது குண்டுகள் ஒழுங்காக ஓரிடத்தில் விழுந்தால் துப்பாக்கியை வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு லைசென்ஸையும் முடித்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தவில்லை. "செய்யி, வூட்ட புடிச்ச சனியன் ஒழியும்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. தையல் கோணிப் போய், அந்தக் கையைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

அவர் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இப்போது ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் செக்யூரிட்டி. வீட்டில் அதிகம் பேசமாட்டார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அரசியல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டில் துப்பாக்கிப் பையைக் கட்டிக்கொண்டு, மானாம்பதி போகிற வழியில் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ரைஃபிள் கிளப்புக்குப் போய்விடுவார். அந்த ஒன்றுதான் அவருக்கு இருந்தது. அந்த ஒன்றையும் நான் கரித்துக் கொட்டாத நாள் கிடையாது. துப்பாக்கிக்கு மணிக்கணக்கில் எண்ணெய் போடுகிற கை, என் தையல் மெஷினுக்கு இரண்டு சொட்டு விடாதே என்று எனக்கு எரிச்சல்.

பெரிய துப்பாக்கியெல்லாம் இல்லை. பாயிண்ட் டூ டூ என்பார்கள். தோட்டா என் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். அடிப்பக்கத்து விளிம்பில்தான் மருந்து. அந்த விளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கும். பட்டாளத்துப் பழக்கத்தில் அவர் தோட்டாவை ரவை என்றே சொல்வார். ஒரு தடவை வாசலில் நின்று "ரவை தீந்துபூட்ச்சு மே" என்றதைக் கேட்டு, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டம்ளரில் உப்புமா ரவை கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன், உப்புமாவும் கிண்டினேன்.

இவர்கள் விளையாட்டில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். ஒரு துப்பாக்கிக்கு ஒரு கம்பெனித் தோட்டா ஒத்துக்கொள்ளும், இன்னொன்று ஒத்துக்கொள்ளாது. ஒரே கம்பெனியில்கூட ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கு, சரியாகப் போகும், அடுத்த லாட் காலை வாரிவிடும். என் மெஷினும் அப்படித்தான். ஒரு கம்பெனி நூலைப் போட்டால் சத்தமில்லாமல் ஓடும், இன்னொன்றைப் போட்டால் பத்து தையலுக்கு ஒருமுறை அறுத்துக்கொள்ளும். அதனால் அவருடைய பைத்தியம் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்ததை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷத்திலிருந்து நானும் கூடப் போக ஆரம்பித்தேன். அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கிற அட்டையில் பத்து குண்டு சுடுவார். அட்டை கைக்கு வந்ததும், ஒன்றுக்கொன்று எட்டி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து நான் அளந்து சொல்ல வேண்டும். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல தோட்டா. மற்றவர்கள் மில்லிமீட்டர் கணக்குச் சொல்வார்கள். நான் தையல்காரி, எனக்கு இஞ்சும் நூலும்தான். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். "ஆறு நூல்" என்று நான் கத்தினால் அங்கிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் "அண்ணிக்கு இன்னிக்கி எத்தினி நூலு?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

போன வருஷம் அவருக்கு ஆறு நூல், ஏழு நூல் வரும். அம்பத்தெட்டு வயசுக்கு இது பெரிய விஷயம் என்று கிளப்பில் சொன்னார்கள். இந்த வருஷம் வெயில் காலத்துக்குப் பிறகு பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. "லாட் சரியில்ல மே" என்பார். வேறு லாட் வாங்கினார். அதுவும் சரியில்லை. ஒருநாள் அட்டையைப் பார்த்துவிட்டு, தோட்டாவா நானா தெரியவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம்தான் மூன்று டப்பா பேச்சு வந்தது.

மூன்றில் ஒன்று நம் நாட்டுத் தயாரிப்பு, சாம்பல் நிற டப்பா. இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு, மஞ்சள். மூன்றாவது பச்சை டப்பா. அதுவும் வெளிநாடு, ஆனால் உசத்தி. போட்டிக்குப் போகிறவர்கள் சுடுகிற ரகம். கூடப் பட்டாளத்தில் இருந்த சிநேகிதர் ஒருவர் தான் வைத்திருந்ததிலிருந்து முறைப்படி மாற்றிக் கொடுத்தது. அதே லாட்டில் போன வருஷம் என் வீட்டுக்காரர் ஐந்து நூல் போட்டிருந்தார். பச்சை டப்பாவில் வராவிட்டால் வேறு எதிலும் வராது என்பது அவர் கணக்கு.

இடையில் ஆயுத பூஜை வந்தது. அவருக்கு அன்றைக்கும் டியூட்டி. காலையில் துப்பாக்கியை அவரே துடைத்து, கூடத்தில் பலகைமேல் வைத்தார். பக்கத்தில் மூன்று டப்பாவையும் அடுக்கினார். "பொட்டு வச்சுட்டு, சூடம் காட்டிட்டு, பீரோல வச்சுப் பூட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை என்றால் எனக்குக் கை நிற்காது. மெஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்தேன். கத்தரிக்கோல், அரிவாள்மனை, அவருடைய மண்வெட்டி, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி வரை துடைத்துச் சந்தனம் வைத்தாயிற்று. கடைசியில் டப்பாக்களிடம் வந்தேன். பச்சையைத் திறந்தால், ஐம்பது தோட்டாவும் வரிசையாக நிற்கின்றன, தலையெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், விரலில் அழுக்குப் பிசுக்கு ஒட்டியது. இத்தனை உசத்தியான சரக்கு, சாமிக்கு முன்னால் பிசுக்கோடு உட்காருவதா? பழைய வேட்டித் துணியைக் கிழித்து, ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளிக் குத்துவிளக்கைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன். ஐம்பதும் பளபளவென்று ஆயிற்று. துடைத்த விரலாலேயே சந்தனமும் வைத்தேன், டப்பா மூடியில். மஞ்சளை எடுக்கப் போனபோது அடுப்பில் சுண்டல் அடிபிடித்த வாசனை வந்தது. ஓடினேன். திரும்பி வந்து மற்ற இரண்டுக்கும் மூடிமேல் பொட்டு வைத்ததோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெளிச்சம், காற்றே இல்லை. அவர் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்தார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். முதலில் சாம்பல், பதினாலு நூல். பிறகு மஞ்சள், பதினைந்து. நான் சொல்லச் சொல்ல அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசிக்கென்று வைத்திருந்த பச்சையைத் திறந்தார். திறந்தவர் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பத்தும் சுட்டார்.

அட்டை கைக்கு வந்தது. குண்டுகள் கோழி கிளறின மாதிரி நாலா பக்கமும் கிடந்தன. ஸ்கேலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். "இருவத்தி ரெண்டு" என்றேன். நூல் என்ற சொல் வாயில் வரவில்லை.

அவர் எழுந்து துப்பாக்கியைப் பையில் போட்டு, மொபெட்டில் கட்டப் போனார். கிளப்பைப் பார்த்துக்கொள்கிறவர், மானாம்பதிக்காரர், ஜமக்காளத்தைச் சுருட்ட வந்தவர் மீதியிருந்த பச்சைத் தோட்டா ஒன்றை எடுத்து விரலால் தடவினார்.

"இன்னாக்கா இது, வறவறன்னு கீது? மெழுகே இல்லியே."

"இன்னா மெழுகு?"

"தலையில மெழுகு பூசித்தான் அனுப்புவான். அது இல்லாம சுட்டா ஈயம் குழாயில ஒட்டிக்கும். குண்டு அதும்பாட்டுக்குப் பூடும். யாருக்கா தொடச்சது?"

யாரோ தெரியாது என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே மோசமானது அது. வீடு வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு தடவை வாயைத் திறந்தேன், நாலு தடவையும் மூடிக்கொண்டேன்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. இந்தத் துப்பாக்கி ஒழியட்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒழிகிற நேரத்தில், அது போனால் இந்த மனுஷர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் உட்காருவார் என்ற ஒரே நினைப்புதான். ஒரு பிளவுஸுக்குக் கழுத்தை முன்பின் மாற்றி வெட்டிவிட்டேன். அதுவும் கல்யாணப் பெண்ணின் பிளவுஸ்.

புதன்கிழமை அவருக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, துப்பாக்கியை ஒப்படைப்பதற்கு மனு எழுத ஆரம்பித்தார். 'ஐயா' என்று எழுதியிருந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எழுதாத யா. நான்தான் கெடுத்தேன். பூஜ அன்னிக்கி அந்தப் பச்ச டப்பாவ நான்தான் தொடச்சேன். மெழுகுன்னு எனக்குத் தெரியாது, பிசுக்குன்னு நெனச்சேன். உம்மேல ஒரு கொறையும் இல்ல. எல்லாம் என்னாலதான்."

சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்வதில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. அவர் திட்டட்டும், கையில் இருப்பதைத் தூக்கி எறியட்டும், எனக்குக் கவலையில்லை. அவர் பேனாவைத் தாள்மேல் வைத்தார்.

"தெரியும் மே. டப்பாவத் தொறந்ததும் பார்த்தேன். ஐம்பதும் பளிச்சுன்னு நிக்குது. சந்தன வாசன வேற."

"தெரிஞ்சுமா சுட்ட?"

"நீ ஸ்கேல வச்சுக்கினு பின்னால உக்காந்துகினு இருந்த. இன்னான்னு சொல்றது?"

"அப்ப இன்னா இப்ப? வேற டப்பா வாங்கு. மறுபடியும் சுட்டுப் பாரு."

"மத்த ரெண்டு டப்பாவ நீ தொடலியே மே."

நான் விடவில்லை. துடைத்த தோட்டாவால் குழாயில் ஈயம் ஒட்டியிருக்கும், அதனால்தான் மற்றதும் கெட்டிருக்கும் என்று, கிளப்புக்காரர் சொன்னதை வைத்துக்கொண்டு வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பச்சைய கடைசியாத்தான சுட்டேன்" என்றார்.

பதினாலும் பதினைந்தும் நான் என் கையால் அளந்தது. அதை அளந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டைப் பிடித்துக்கொண்டு நான் மற்ற இரண்டையும் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

"சித்திரையில காலேஜ்ல கண்ணு கேம்ப் போட்டாங்க. சுகரு கண்ணுக்குப் பின்னால போயி, குறி பாக்கிற வலது கண்ண அரிச்சுடுச்சுன்னு சொன்னாங்க. இதுக்கு மேல போவாம பாத்துக்கலாமாம். போனது வராதாம். அந்த டாக்டரு சொன்னது சரியான்னுதான் பார்த்துக்கினு இருந்தேன். ரவைய இல்ல."

ஆறு மாசம். ஆறு மாசமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, பின்னால் என்னையும் உட்கார வைத்து வண்டி ஓட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் பொண்டாட்டியா, இல்லை உன் காலேஜ் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவளா என்று கத்தினேன். இனிமேல் சுகர் மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், நாளைக்கே காஞ்சிபுரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பஸ்ஸில் போகிறோம் என்றேன். துப்பாக்கியையும் போகிற வழியில் ஒப்படைத்துவிடலாம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். நான் அழுவதை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"ஒண்ணுமே தெரியலியா அந்தக் கண்ணுல?" என்று கேட்டேன்.

அவர் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பொடவை தெரியுது. காதுல தோடு தெரியுது. பின்னால செவுரு, காலண்டரு, எல்லாம் தெரியுது. நடுவுலதான், உன் மூஞ்சி இருக்கிற எடத்துல, ஒண்ணும் இல்ல."

நான் எழுந்து போய், பொத்தியிருந்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.