ஈஸ்வரி போடாத கையெழுத்து

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த இடைவெளிக்குள் லேடீஸ் பெட்டியில் இருக்கும் அத்தனை பேரின் வீட்டுச் சங்கதியையும் ஈஸ்வரி விசாரித்து முடித்துவிடுவாள். நாற்பத்தாறு வயது. கதவுக் கீல் செய்யும் சந்திரமோகனின் சின்னத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக வேலை. தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மிஷினில் சேர்ந்தவள், பிறகு சரக்கைச் சோதித்து அனுப்பும் பொறுப்புக்கு வந்தாள். ஒவ்வொரு கீலையும் திறந்து மூடிப் பார்ப்பாள். இறுக்கமாக இருந்தால், "மூஞ்சப் பாரு, காலங்காத்தால மொறச்சிக்கினு" என்று திட்டித்தான் ஒதுக்குவாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் சந்திரமோகன் அவளைக் கூப்பிட்டு, மேஜைமேல் ஒரு கீலை வைத்தார். அவள் திறந்தாள், மூடினாள்.

"நல்லாத்தான் கீது சார். யாரு செஞ்சது?"

"கப்பல்ல வந்தது. நாம தகடு வாங்கற வெலைக்கே இது கீலாவே வந்து எறங்குது."

"அது எப்டி சார்?"

ஒரு வெளிநாட்டோடு அரசாங்கம் போட்ட ஒப்பந்தத்தை அவர் விளக்கினார். அங்கிருந்து கீலாக வந்தால் வரி இல்லை. அதைச் செய்யும் தகடு வேறு நாட்டிலிருந்து வந்தால் வரி உண்டு. ஈஸ்வரி கீலை மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"அப்ப நாம செய்யாம இருந்தாதான் லாபமா?"

ஆறே மாதத்தில் பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினாலு பேரில் நாலு பேர் மிஞ்சினார்கள். ஈஸ்வரியோடு பத்து வருஷம் பக்கத்து மிஷினில் நின்ற கெங்கம்மாள், இறால் பதப்படுத்தும் கம்பெனிக்குப் போய்விட்டாள். தொழிற்சாலை குடோனாக மாறியது. வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து, எண்ணி, கடைகளுக்கு அனுப்புவதே ஈஸ்வரியின் வேலையாயிற்று. திட்டுவதற்குக்கூட ஒரு கீல் சிக்கவில்லை.

அந்த வருஷம் அவள் கணவன் அன்புசெல்வனுக்கும் வேர்க்கடலை விலை படுத்துவிட்டது. பாமாயில் மலிவாக வந்து குவிந்ததால் செக்குக்காரர் கடலையைக் கேட்க ஆளில்லை என்றார்.

"உன் கம்பெனிக்குக் கப்பல்ல கீலு வந்துச்சி, எனக்குக் கப்பல்ல எண்ணெ வந்துச்சி. ஜோடிப் பொருத்தம்னா இதான்" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அடுத்த பட்டத்தில் முக்கால் நிலத்தில் கீரை போட்டார்கள்.

போன வருஷம் திடீரென்று வளைகுடா நாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. இருபதாயிரம் ஜோடி கீல். அந்த நாட்டோடு இன்னோர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. சரக்கு இங்கேயே செய்ததாக இருந்தால் அங்கே வரி கிடையாது. ஏற்பாடு செய்த ஏஜெண்டு சுலபமான வழி ஒன்றும் சொன்னான். குடோனில் இருக்கும் கப்பல் கீலையே பெட்டி மாற்றி அனுப்பிவிடலாம். எந்த மிஷினில் என்றைக்கு அடித்தது, யார் சோதித்தது என்ற தாளில் ஈஸ்வரி கையெழுத்துப் போட்டால் போதும்.

சந்திரமோகன் தாளை நீட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை.

"யாராவது வந்து எந்த மிஷின்ல அடிச்சன்னு கேட்டா நான் இன்னாத்த காட்டுவேன் சார்? அட்டப்பொட்டியவா?"

"யாரும் வரமாட்டாங்க ஈஸ்வரி."

"வரலன்னா? இங்க செஞ்சிக்கினு இருந்த பத்து பேர ஊட்டுக்கு அனுப்பிட்டீங்க. இப்ப செய்யாதத செஞ்சேன்னு நான் எழுதணுமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "இஷ்டமில்லன்னா நாளைக்கி வர வேணாம்" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

மறுநாள் எட்டரைக்கு அவள் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"வர வேணாம்னு சொன்னேனில்ல?"

"அது நேத்து கோவத்துல சொன்னது சார்."

சந்திரமோகன் சிரித்துவிட்டார். டீ வரவழைத்தார். குடித்து முடித்ததும் தணிந்த குரலில் கேட்டார்: "நாமளே அடிச்சா எவ்ளோ முடியும்?"

அவள் இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தாள். "ரெண்டு பிரஸ்ஸு தேறும். இன்னும் நாலு ஆளுங்க வந்தா நாப்பது நாள்ல ஆறாயிரம் ஜோடி. அதுக்கு மேல ஆவாது."

ஏஜெண்டு கோபித்துக்கொண்டு போய்விட்டான். சந்திரமோகனே வாங்குபவருக்குப் போன் செய்து, இருபதாயிரம் முடியாது, ஆறாயிரம்தான் என்றார். வரிச்சலுகையைக் கணக்குப் பார்த்தால் அவருக்கு விலை கட்டுப்படியாகும் என்றும் விளக்கினார். ஒரு வாரம் பதிலே இல்லை. அந்த ஒரு வாரமும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எட்டாம் நாள் சரி என்று வந்தது.

ஈஸ்வரி நேராகக் கெங்கம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"வேலைய உட்டு வரமாட்டேன்டி. அங்க பி.எப். கீது, வாசலுக்கே வேன் வருது" என்றாள் கெங்கம்மாள்.

"அதெல்லாம் உட வேணாங்கா. ஞாயித்துக்கெழம வா, போதும்."

வந்தாள். வேறு மூன்று பேர் கிடைத்தார்கள். துருப்பிடித்த பிரஸ் முதல் நாள் நாலு தரம் நின்றது. ஆனால் நாற்பத்து மூன்றாம் நாள் சரக்கு போனது. பாதி கண்டெய்னர்தான், மீதி பாதியில் வேறு யாருடைய சரக்கோ. தாளில் ஈஸ்வரி தமிழில் முழுப் பெயரையும் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

இப்போது பிரஸ் வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் கப்பல் பெட்டிகள்தான். உள்ளூர்க் கடைகளுக்கு அந்த விலையில் செய்துகொடுக்க இன்றும் முடிவதில்லை. அன்புசெல்வனின் கீரை பரவாயில்லை. வளைகுடாவிலிருந்து நாலாயிரம் ஜோடிக்கு இரண்டாவது ஆர்டர் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்று ஈஸ்வரி கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சந்திரமோகன். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், அவள் இரண்டு பேரிடம் "திங்கக்கெழம வந்துடுங்க" என்று சொல்லிவிட்டாள்.