சுருதி இறங்கியிருப்பதைத் திரை சொல்ல வேண்டும்

ஒரு மென்பொருளை மூடிவிட்டு மறுநாள் திறந்தால், அது நேற்று விட்ட இடத்திலேயே நிற்க வேண்டுமா, இல்லை எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. கேட்டவர் காத்திருக்கிறார்.

கொழும்புத்துறையில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்கு நான்தான் கீபோர்ட் வாசிக்கிறேன். பழைய ஓர்கன் பழுதான பிறகு, என் மடிக்கணினியில் ஒரு மென்பொருள் சிந்தசைசரை இறக்கி வைத்துக்கொண்டேன். சிறிய கீபோர்ட் ஒன்றைக் கணினியில் இணைத்துவிட்டால் ஓர்கன், வயலின், குழல் என்று வேண்டிய ஒலி வரும். வெளிநாட்டில் ஒருவர் தனியாளாகச் செய்து இலவசமாகக் கொடுப்பது அது.

வீட்டிலும் அதுதான் துணை. மகளுக்கு இன்னும் ஒரு வயதாகவில்லை. மத்தியானத்தில் அவளை மடியில் வைத்து, ஒரு கையால் வாசித்துப் பாடித் தூங்க வைப்பேன். மெதுவாகப் பாடும்போது என் குரல் மேலே எழும்பாது. அதனால் அமைப்புப் பக்கத்துக்குள் போய்ச் சுருதியை மூன்று படி இறக்கிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை, இறக்கியதை ஏற்ற மறந்துவிட்டேன். ஞாயிறு பூசையில் வருகைப் பாடலின் இரண்டாம் வரியிலேயே பெண்களின் குரல்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின. திரையைப் பார்த்தேன். ஓர்கன் என்ற பெயரும் ஒரு படமும் இருந்தன. சுருதி இறங்கியிருப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. கீபோர்ட் பழுதோ, என் காதுதான் பிழையோ என்று தடுமாறியபடி வாசித்து முடித்தேன். பின்வரிசை வாங்கில் கணவரின் மடியிலிருந்த மகள் வேறு அழத் தொடங்கியிருந்தாள்.

பூசை முடிந்ததும், உயர்ந்த குரலில் பாடும் அன்ரி ஒருவர் தோளைத் தட்டினார்.

"பிள்ளை, இண்டைக்கு எங்களைக் கிணத்துக்கை இறக்கிப்போட்டுக் கயித்தை விட்டிட்டாய்."

எல்லாரும் சிரித்தார்கள். குழுவை நடத்தும் மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை.

"கைக்குழந்தையோடை உமக்கும் கஷ்டம். கோயில் பெருநாளுக்கு வெளியிலையிருந்து ஆரையும் கூப்பிடுவம்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பெருநாள் பூசையை விட்டுக்கொடுப்பதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவெடுத்தேன். இனி மறக்கமாட்டேன் என்று சொல்லலாம்தான். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருத்தி அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. மென்பொருளைச் செய்தவருக்கே எழுதுவதென்று உட்கார்ந்தேன்.

சுருதி மாறியிருந்தால் அது முகப்புத் திரையில், ஒலியின் பெயருக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும். அங்கேயே ஒரு தட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். திரையிலுள்ள குமிழ்களைச் சுட்டியால் பிடித்து இழுக்காமல் அம்புக்குறி விசைகளால் திருப்ப முடிந்தால், ஒரு கையில் குழந்தை இருப்பவர்களுக்கு உதவி. இப்படி எழுதினேன், அழித்தேன். என் கவனக்குறைவுக்காக அவர் ஏன் மாற்ற வேண்டும்? மறுபடி எழுதிக் கணவரிடம் காட்டினேன்.

"சொன்னதெல்லாம் சரி. ஆனா நாலு இடத்திலை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர். உந்த மனுசன்ரை யன்னலையே உடைச்சனீர்?"

"மரியாதையா இருக்க வேண்டாமே?"

"ஒரு மன்னிப்புக் காணும்."

மற்றவற்றை எடுத்துவிட்டு அனுப்பினேன். சில வாரங்களில் புதிய பதிப்பு வந்தது. அம்புக்குறி விசைகளைப் பிறகு பார்ப்பதாக எழுதியிருந்தார். ஆனால் சுருதியை மாற்றினால் அது ஒலியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எண்ணாகத் தெரிந்தது. அடுத்த பாட்டுப் பயிற்சிக்குக் கணினியைக் கொண்டுபோய், வேண்டுமென்றே சுருதியை இறக்கி மாஸ்ரரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"கண்ணாடி போடாமலே தெரியுது. சரி, பெருநாளுக்கு நீரே வாசியும். கை வைக்க முதல் உந்தச் சிவப்பைப் பாரும்."

அதே பதிலில்தான் செய்தவர் அந்தக் கேள்வியையும் கேட்டிருந்தார். திறக்கும்போதெல்லாம் சுருதி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பட்டுமா? எனக்கென்றால் ஓம், திரும்பட்டும் என்று எழுதிவிடலாம். ஆனால் தவக்காலத்தில் எங்கள் குழு எல்லாப் பாடல்களையும் ஒரு படி இறக்கியே பாடும். அப்போது அது தானாக ஏறிவிட்டால் அன்ரி என்னைப் பனை உச்சியில் ஏற்றிவிட்டதாகச் சொல்வார். எங்கோ எப்போதும் இறக்கியே வாசிக்கும் ஒருவருக்கும் என் பதில் இடைஞ்சலாகலாம். சிவப்பு எண் இருக்கும்போது திரும்புவது தேவைதானா என்றும் தோன்றுகிறது.

கோயிலிலோ வீட்டிலோ இப்படி வாசிப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு எது வசதி, ஏன் என்று பெருநாளுக்கு முன் எனக்கு எழுதுங்கள். அவருக்கு அனுப்பும் பதில் என் ஒருத்தியின் மறதியை மட்டும் வைத்து எழுதியதாக இருக்கக் கூடாது.