ஒன்பது வெள்ளிக்கிழமை எழுதிய அறுபது ரூபாய்

2005 மார்ச் 4, வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பது. பனி இன்னும் விலகவில்லை. கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. காரைக்கால் மீன் மார்க்கெட் வாசலில் விலைப் படிவத்தை மடித்துப் பிடித்தபடி, உள்ளே போகாமல் நின்றேன்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த சின்ன வேலை அது. விலைவாசி ஏற்றத்தை அளக்க அரசு கணக்கிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காக வாராவாரம் விலை கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அதே கிழமை, அதே கடை, அதே தரம். அரிசி, புளி, மண்ணெண்ணெய் என்று போகும் பட்டியலில் ஒரு வரி: சங்கரா மீன், நடுத்தர அளவு, ஒரு கிலோ. ஒரு குடும்பம் எவ்வளவு மீன் வாங்கும் என்பதை எப்போதோ வீடு வீடாகக் கேட்டு முடிவு செய்துவிட்டார்கள். விலை மட்டும்தான் என் பொறுப்பு.

அந்த வரிக்கு என் கடை, காரைக்கால்மேட்டிலிருந்து வரும் ஓர் அம்மாளின் பலகை. ஒன்பது வருடத்தில் நானூற்று அறுபத்தோரு வெள்ளிக்கிழமை அவரிடம் விலை கேட்டிருக்கிறேன்; ஏழு வெள்ளி காய்ச்சலில் போகவில்லை. ஒரு முறைகூட வாங்கியதில்லை. வீட்டுக்கு வேண்டியதை மனைவி தெருவில் வருகிறவர்களிடம் வாங்கிவிடுவாள்.

“வாங்க, வாங்காத சார்,” என்பார். “கேக்குறவங்களுக்கு ஒரு வெல, வாங்குறவங்களுக்கு ஒரு வெல. ஒங்களுக்கு எது?”

பக்கத்துப் பலகைக்காரிகள் சிரிப்பார்கள். கேலி என்றுதான் நினைத்தேன். 2004 டிசம்பர் 24 அன்று அறுபது ரூபாய் சொன்னார். இரண்டு நாள் கழித்து, ஞாயிறு காலையில், கடல் ஊருக்குள் வந்தது. அவர் பிழைக்கவில்லை.

பொருள் கிடைக்காவிட்டால் போன வார விலையையே திரும்ப எழுத வேண்டும். எங்களுக்குச் சொன்ன விதி அது. மார்க்கெட்டில் மீன் இல்லை. இருந்திருந்தாலும் தின்ன ஆளில்லை. அந்த மீன் எதைத் தின்றிருக்கும் என்ற நினைப்பே எல்லோருக்கும் குமட்டியது. ஊர் முட்டைக்கும் பருப்புக்கும் மாறிவிட்டது, படிவம் மாறவில்லை. அறுபது எழுதினேன். பிப்ரவரி நடுவில் மீன் வரத் தொடங்கியது. அவர் பலகையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பதை வாசலிலிருந்தே பார்த்தேன். உள்ளே போகாமல் திரும்பி வந்து, அப்போதும் அறுபது எழுதினேன். இப்படி ஒன்பது வெள்ளி. காகிதத்தில் அவர் இன்னும் மீன் விற்றுக்கொண்டிருந்தார். பேனாவை மூடும்போதெல்லாம் கேட்கும்: ஒங்களுக்கு எது?

பத்தாவது வெள்ளியான அந்த மார்ச் 4 அன்று அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

“வாசல்லயே நிக்கிறீங்களே, நீங்கதானே வாங்காத சார்? அம்மா சொல்லும்.”

மகள். கிட்டே போனேன்.

“இது அம்மா கடைதானா, இல்ல புதுக் கடையா?” என்று கேட்டேன். கடை மாறியது என்று எழுதினால், புதுக் கடை விலையைப் பழைய விலைக்குச் சமம் என்று வைத்து ஒட்டிவிடுவார்கள். நடுவே ஏறியது கணக்கில் வராமலே போய்விடும்.

“பலகை அதோடது. தராசும் அதோடது. வேற என்ன சார் வேணும்?”

அதே கடை என்று குறித்தேன். “சங்கரா என்ன வெலம்மா?”

“எழுதவா, வாங்கவா?”

சங்கரா வரியில் பேனாவை வைத்தேன்.

“எழுதுனா எம்பத்தஞ்சு. வாங்குனா எம்பது.”

அப்படியானால் நான் அனுப்பிய நானூற்று அறுபத்தோரு விலையும் கேட்கிறவனுக்குச் சொன்னவை. அந்தக் கடைசி அறுபதும்தான். வாங்குகிறவர்களுக்கு அன்று எவ்வளவு கொடுத்தார் என்று இனி யாரைக் கேட்பது?

ஒரு கிலோ நிறுக்கச் சொன்னேன். படிவத்தில் எண்பது எழுதினேன். அவள் கையில் கொடுத்ததும் எண்பது ரூபாய்.