மிதக்கும் கூரைகள்

ஏற்காட்டில் டெலஸ்கோப் வைத்துச் சுற்றுலா வந்தவர்களுக்குச் சேலத்தைக் காட்டுவதுதான் அப்போது என் பிழைப்பு. கீழே பெட்ரோல் சேமிக்கும் பெரிய டேங்குகளைக் கட்டி முடித்ததும் அவற்றையும் காட்டினேன். அவற்றின் கூரை பெட்ரோலின் மேலேயே மிதக்கும். சரக்கு குறைந்தால் கூரையும் உள்ளே இறங்கிவிடும். தரையில் நிற்பவனுக்குச் சுவர்தான் தெரியும். மலைமேல் இருக்கும் எனக்கு டேங்க் நிறைந்திருக்கிறதா, காலியா என்பதே தெரிந்துவிடும்.

விலை ஏறப்போகிறது என்று பேச்சு வந்த அன்று, எங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் "ஸ்டாக் இல்லை" என்று பலகை தொங்கியது.

"கீழயே சரக்கு இல்லீங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பங்க் முதலாளி.

நேரே போய் டெலஸ்கோப்பைத் திருப்பினேன். எல்லாக் கூரையும் விளிம்புவரை ஏறி நின்றது. பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வெள்ளக்கடை கிராமத்து ஆட்களைக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் காட்டினேன். அவர்கள் பங்க்குக்குப் போய்ச் சண்டை பிடித்தார்கள்.

சில மாதங்களில் டேங்குகளின் மேல் வெள்ளை மூடி ஏறியது. மலை பார்க்க வந்த ஒருவர் அந்த டேங்குகளின் இன்ஜினியர் என்று தெரிந்ததும் அவரிடமே கேட்டேன்.

"ஏனுங்க, இப்ப எதுக்கு மூடி?"

"மழைத் தண்ணி உள்ள போயிரக்கூடாதுங்களே."

நானும் தலையாட்டி வைத்தேன். அந்த வருஷம் சேலத்தில் குடிதண்ணீரே லாரியில்தான் வந்தது.