ஏணைக்குக் கீழே ஒரு பாய்

மகள் கைப்பேசியில் ஒரு கார்ட்டூன் காட்டினாள். சின்னப் படந்தான். கைக்குழந்தையோடு ஒரு தாயும் தகப்பனும் படுகிற பாடு. தகப்பன் பிள்ளையின் பால்மாவைத் தன் தேநீரில் கொட்டுகிறான். பிள்ளை விழுந்துவிடும் என்று தொட்டிலைச் சுற்றி வீட்டிலுள்ள தலையணை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, அதற்குள்ளேயே அகப்பட்டுக் கிடக்கிறான்.

"அப்பா, உங்களைத்தான் கீறியிருக்கிறாங்கள்!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் சேலை ஏணையில் அவளுடைய பிள்ளை உறங்கியது. நானும் சிரித்தேன். பிறகு கண், ஏணை தொங்கிய கயிற்றுக்குப் போய்விட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். துறைமுகத்தில், வந்து நிற்கிற கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுவதுதான் வேலை. இந்த மகள் பிறந்தபோது அன்புவழிபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். உதவிக்கு வர ஆளில்லை. பிள்ளை கையில் கிடந்தால்தான் உறங்கும், கீழே கிடத்தினால் வீரிட்டு அழும். மனைவி நித்திரையில்லாமல் நின்றபடியே தள்ளாடினாள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட கயிற்றைக் கொண்டுவந்து கூரை வளையில் ஏணை கட்டினேன். முதலில் அரிசி மூட்டையை வைத்து ஆட்டினேன். பிறகு நானே ஏறி இருந்து பார்த்தேன். எதுவும் அசையவில்லை. ஆனாலும் பிள்ளையை அதில் கிடத்தியதும் அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றுவிட்டேன்.

"கப்பலைக் கட்டுற மனிசனுக்கு இந்த மூண்டு கிலோவைக் கட்ட ஏலாதோ?" என்றாள் மனைவி.

"இஞ்சேர், கப்பல் அறுத்துக்கொண்டு போனா திரும்பப் பிடிச்சுக் கட்டலாம். இது அப்பிடியே?"

அவள் பாயை இழுத்து ஏணைக்கு நேர் கீழே விரித்துப் படுத்தாள். "விழுந்தா எனக்கு மேலதான் விழுவாள். இப்ப கையை எடுங்கோ" என்றாள். சொல்லி முடிக்கமுன் உறங்கிவிட்டாள். கையை எடுத்தேன். பயம் மட்டும் இரட்டிப்பானது. ஏணை அறுந்தால் இப்போது இரண்டு பேர். அன்று வேலைக்குப் போகவில்லை. அவர்கள் இருவரும் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

மனைவியைப் போன வருடம் காய்ச்சல் கொண்டுபோனது. ஆசுபத்திரிக் கட்டிலருகே அப்போதும் இந்தக் கைகளை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்ய ஏலவில்லை.

மகள் கைப்பேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எப்போது எழும்பி வந்தேனோ தெரியாது, ஏணைக்கு அடியில் கையை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"கையை எடுங்கோ அப்பா. அது விழாது."

கார்ட்டூன் எல்லோரும் உறங்கிப்போவதோடு முடிந்திருந்தது. நான் பாயை எடுத்துவந்து, அன்று மனைவி விரித்த மாதிரியே ஏணைக்கு நேர் கீழே விரித்துப் படுத்தேன். முகத்துக்கு மேலே சேலை மெல்ல ஆடியது. எனக்கு நித்திரை வரவில்லை.