கேசட்டில் கேட்ட கடைசி அடி

2005இல் மரக்காணத்தில், சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். என் உச்சரிப்பு எனக்கே திருப்தியில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து வரும் சக டீச்சர், அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய ராக் பாட்டு கேசட்டைக் கொடுத்து, திரும்பத் திரும்பக் கேள், காது பழகிவிடும் என்றாள்.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் கடலுக்கே போகவில்லை. சுனாமி அவருடைய படகையும், கரையில் வலை உதறிக்கொண்டிருந்த கூட்டாளியையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் ஒரே படகு. நிவாரணத்தில் கிடைத்த புது ஃபைபர் படகு மணலில் கவிழ்ந்தே கிடந்தது. இவர் உப்பளத்தில் பாத்திச் சேறு அள்ளும் கூலிக்குப் போனார். கேட்டவர்களிடம் இன்ஜின் சரியில்லை என்பார். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது.

கிடாரும் டிரம்ஸும் போட்ட இரைச்சலில் முதல் வாரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீன் ஆய்ந்துகொண்டே ரீவைண்ட் செய்து செய்து, ஒரு பாட்டு மட்டும் மெல்லத் திறந்தது. ஒரு மாலை, கால் கழுவிவிட்டு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டார்.

"என்னா சொல்றான் அவன்?"

சொன்னேன். கார் ஓட்டுகிறவன் செத்துப்போன சிநேகிதனோடு பேசுகிறான். நீ உட்கார்ந்த சீட்டில் என் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன், வேறு யாரும் உட்காரக் கூடாதென்று.



"அவனுக்கும் கூட்டாளி செத்துட்டானா?"

"தெரியலீங்க. நாம பொறக்கறதுக்கு முன்னாடி பாடுனது."

"அப்பறம்?"

கடைசி அடி எனக்கே அப்போதுதான் பிடிபட்டது. மழையில் நின்ற ஒருவனை இன்று ஏற்றிக்கொண்டேன், நீயாக இருந்தாலும் ஏற்றியிருப்பாய் என்று முடிகிறது. அதையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூட்டாளியை அடக்கம் செய்த அன்றுகூட அழாதவர்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கூட்டாளியின் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். ஏம்பா, படகு சும்மா கெடக்குது, வர்றியா என்று மட்டும் கேட்டாராம். அவனும் யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறான்.

அந்த வாரமே படகைக் கடலில் இறக்கினார்கள். அண்ணன் உட்கார்ந்த முன்பக்கத்தில் தம்பி ஏறியபோது என் வீட்டுக்காரர் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு படகைத் தள்ளிவிட்டுத் தாவி ஏறினார். அலையைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பாட்டுக்காரன் எந்த ஊர்க்காரனோ, கடலைப் பார்த்திருப்பானோ என்னவோ. சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றி நான் கேட்டும் கிடைக்காத சொல் அவனிடம் இருந்திருக்கிறது. கரையில் நின்றபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. மத்தியானம் அவர்கள் அரைக்கூடைச் சங்கரா மீனோடு திரும்பி வந்தார்கள்.